தாத்தா கொடுத்த அரிசி

அன்புள்ள ஐயா,

மலாயாவில் (இன்றைய மலேசியா) வெள்ளைக்காரன் 1948இல் கொண்டுவந்த அவசரகாலம் பற்றிய உங்கள் கட்டுரை வாசித்தேன். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டிலிருந்து ஆங்கில அரசோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்களுக்கு, அரிசி கொடுத்தார் என்று பிடித்துப்போய், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பாட்டியின் அண்ணனையோ காட்டிக்கொடுத்தவர் என்று காட்டுக்காரர்களே கொன்றார்கள். இவர்களில் யார் துரோகி? கட்டுரை இதைத் தொடவே இல்லையே.

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தாமேல் ராஜதுரோக வழக்கு போட்டிருக்கவே மாட்டார்கள். அந்த வழக்கு அரசுக்குத் தொல்லை. இவன் விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன், அதை மீறினான் என்றெல்லாம் நிரூபிக்கவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் மீதே துரோக வழக்கு தீர்ப்புவரை போகவில்லை; 1868 கிறிஸ்துமஸ் அன்று பொதுமன்னிப்பு வந்துவிட்டது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அந்தத் தொல்லையை வைத்துக்கொள்ளவில்லை. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப்பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் காட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த அவசரகால விதிகளுக்கு ஒருவன் மனசில் என்ன இருந்தாலும் சரி, கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. உரிமமில்லாத துப்பாக்கி இருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். குற்றச்சாட்டு: ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் விடவில்லை.

துப்பாக்கிக்கு அடுத்தது அரிசி. காட்டுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரைக் கம்பிவேலிக்குள் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். தோட்டத்து லயங்களையும் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) ஓரிடமாகச் சேர்த்தார்கள். பால் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். பின்னால் சில இடங்களில் அரிசியாகவே கொடுக்கவில்லை, பொதுவில் சமைத்துச் சோறாகக் கொடுத்தார்கள். சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டில் பதுக்க முடியாது. சோறு ஊசும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஒரு அரசாங்கம் போர் நடத்தியிருக்கிறது!

கப்பலேற்றியதற்கும் காரணம் உண்டு. அன்றைக்குத் தோட்டத்து ஜனங்களில் பலருக்குக் குடியுரிமை கிடையாது. குடிமகனே இல்லாதவனைத் துரோகி என்று நிரூபிப்பானேன்? ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

காட்டுக்குள் சிறையும் கிடையாது, கப்பலும் கிடையாது. சந்தேகப்பட்டால் அதுவே தீர்ப்பு. பாட்டியின் அண்ணன் விஷயத்தில் என்ன சாட்சி இருந்தது என்று இனி யாரைப் போய்க் கேட்பது?

இன்னொன்றையும் பாருங்கள். இதே தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்கள் ஏராளம். கணபதியும் அதில் இருந்தவர்தான். அந்த ராணுவத்தின் அதிகாரிகள் மூவரை டில்லி செங்கோட்டையில் விசாரித்தார்கள். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்று தீர்ப்பும் ஆனது, ஆயுள் தண்டனையும் விழுந்தது. ஆனால் 1946 ஜனவரியில் விடுதலை. வெளியே நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் கழித்து புடு சிறைக்கு வெளியே அப்படி ஒரு கூட்டம் இல்லை. உங்கள் தாத்தாவுக்கு ஏது?

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: இருவரையும் நான் துரோகி என்று எழுதமாட்டேன். ராத்திரி துப்பாக்கியோடு வந்து அரிசி கேட்டவனிடமும், காலையில் துப்பாக்கியோடு வந்து ஆள் எங்கே என்று கேட்டவனிடமும் லயத்து மனிதர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

ஒருமுறை கோலாலம்பூர் தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போய்வாருங்கள். தாத்தாவை நாடுகடத்திய உத்தரவு கிடைத்தால், எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.