கபூஸ் மாதிரிகளை உண்மைப் பெட்டியைப் போலவே அமைப்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் கடைசியில் கண்டக்டரும் பிரேக்மேனும் பயணித்த பெட்டியே கபூஸ். நம் ஊர் கார்டு வண்டி செய்த பணியையே அது அங்கே செய்தது. கபூஸ் மாதிரிகளை நுணுக்கமாக அமைப்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். அளவுகள் அனைத்தும் 87இல் 1 பங்கான எச்ஓ அளவுக்குரியவை.

கேள்வி: ஐயா, பென்சில்வேனியா ரயில்ரோடின் என்5சி கபூஸ் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஒரு குறிப்பிட்ட பெட்டி எண்ணையும், அதன் புகைப்படத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். வட்ட ஜன்னல்கள் கொண்ட என்5சி வகையில் 477820 முதல் 478019 வரை எண்ணிட்ட 200 பெட்டிகள் 1942இல் உருவாயின. தொடக்கத்தில் அவை அனைத்தும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன என்றாலும், பத்தே ஆண்டுகளில் அவற்றுக்குள் வேறுபாடுகள் தோன்றிவிட்டன. டிரெயின்ஃபோன் என்ற தொடர்புக் கருவி பொருத்தப்பட்ட பெட்டிகளின் கூரை மீது நீளவாக்கில் ஆன்டெனாக் குழாய்கள் ஓடின. பொருத்தப்படாதவற்றின் கூரையில் அவை இல்லை. பக்கச்சுவரில் உள்ள நிறுவனச் சின்னமும் 1954இல் மாறியது. அதற்கு முன் வட்டத்துக்குள் கீஸ்டோன் (வளைவின் நடுக்கல் வடிவச் சின்னம்), அதன் பின் நிழலோடு கூடிய கீஸ்டோன். 1968இல் நிறுவனம் நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆன பிறகு பச்சை வண்ணமும் வந்துவிடுகிறது. ஆகவே 1950ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியில் நிழல் கீஸ்டோனை ஒட்டினால், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பெட்டி எந்த நாளிலும் இருந்திராத ஒன்றாகிவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் படம் போதாது. கபூஸின் இரு பக்கங்களும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மறுபக்கத்துக்கு அதே பெட்டியின் படம் கிடைக்காவிட்டால், அதே வகையில் எண் நெருங்கிய பெட்டியின் படத்தை, காலம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கேள்வி: உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்ட கைப்பிடிக் கம்பிகளை நீக்கிவிட்டுத் தனிக் கம்பி வைப்பது அவசியமா? எந்தத் தடிமன்?

கபூஸைப் பொறுத்தவரை அவசியம் என்பேன். சரக்குப் பெட்டிகளில் மனிதர்கள் எப்போதாவதுதான் ஏறுவார்கள். கபூஸிலோ பணியாளர்கள் நாள் முழுவதும், வண்டி ஓடும்போதும்கூட, ஏறி இறங்கினார்கள். அதனால்தான் 1911இல் வெளியான பாதுகாப்பு விதிகள் கபூஸுக்கென்றே தனிப் பகுதிகளை வகுத்து, படிகளும் கைப்பிடிகளும் எங்கே, எந்த அளவில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தன. மேடைப் படிக்கு அருகே வளைந்து இறங்கும் கம்பி, கதவோரம் உள்ள செங்குத்துக் கம்பி, மேடை முனையின் தடுப்புக் கம்பி ஆகியவைதாம் கபூஸுக்கு முகவெட்டைத் தருகின்றன.

விதியின்படி கைப்பிடியின் குறைந்தபட்ச விட்டம் 5/8 அங்குலம். நம் அளவில் அது 0.18 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெல்லிய கம்பி கை பட்டவுடன் வளைந்துவிடும் என்பதால், பெரும்பாலோர் 0.0125 அங்குலம், அதாவது 0.32 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியையே பயன்படுத்துகிறார்கள். அதுவே என் பரிந்துரையும். பித்தளைக் கம்பி எளிதில் வளையும். ஆனால் வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். வெண்கலத்துக்கு மீண்டெழும் தன்மை உண்டு. 80ஆம் எண் துளைமுனையின் விட்டம் 0.34 மி.மீ. என்பதால் அது இக்கம்பிக்குச் சரியாகப் பொருந்தும்.

கம்பியின் தடிமனைவிடக் கண்ணில் படுவது அதற்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான். உண்மைப் பெட்டியில் அது குறைந்தது 2 அங்குலம்; விதி விரும்புவது 2½ அங்குலம். நமக்கு அது 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வரும். அந்தத் தடிமனில் ஒரு ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டையை வெட்டிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே வைத்து, சூப்பர் குளூ காய்ந்த பின் உருவி எடுத்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் நிற்கும். வார்க்கப்பட்ட பழைய கம்பியைச் சீவுவதற்கு முன்பே, அதன் முனைகள் இருந்த இடங்களில் ஊசியால் புள்ளி குத்தி வையுங்கள். சீவிய பின் அந்த இடங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எனது மாதிரி 1930களின் மரக் கபூஸ். பெட்டிக்கு அடியில் எந்த பிரேக் அமைப்பை வைப்பது?

கே வகை வையுங்கள். அதில் காற்றுத்தொட்டி, சிலிண்டர், வால்வு மூன்றும் ஒரே தொகுதியாக இணைந்திருக்கும். 1933இல் அறிமுகமான ஏபி வகையில் இவை மூன்றும் தனித்தனியே தொங்கும். சரக்குப் பெட்டிகள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்தின் பாதைக்குச் செல்பவை என்பதால், பரிமாற்றப் போக்குவரத்தில் கே வகைக்கு 1953இல் தடை வந்தது. இரும்புப் பட்டைகளை இணைத்துச் செய்த சட்டம் கொண்ட ஆர்ச்பார் போகிகளுக்கும் (பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதிகளுக்கும்) 1941இல் அப்படியே தடை வந்தது. கபூஸோ பெரும்பாலும் தன் நிறுவனத்தின் பாதையை விட்டு வெளியே போகாது. ஆகவே சரக்குப் பெட்டிகளிலிருந்து மறைந்துபோன பழைய உறுப்புகள், கபூஸ்களில் அந்தத் தேதிகளுக்குப் பின்னும் தொடர முடிந்தது. 1950களின் மத்தியில் ஆர்ச்பார் போகியோடு ஒரு கபூஸைப் புகைப்படத்தில் கண்டால் படத்தைச் சந்தேகிக்காதீர்கள். அதை அப்படியே செய்யுங்கள்.

மின்விளக்கு வந்த காலத்துப் பெட்டி என்றால், அச்சிலிருந்து பெல்ட்டால் சுழலும் ஜெனரேட்டரும், அடிச்சட்டத்தில் தொங்கும் பேட்டரிப் பெட்டியும் வேண்டும். மேசைமட்டத்திலிருந்து பார்க்கும்போது குழாய்களைவிட இவ்விரண்டும்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: புகைபோக்கி கிட்டில் ஓர் இடத்திலும் புகைப்படத்தில் வேறோர் இடத்திலும் இருக்கிறது. மாற்றுவது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். புகைபோக்கிக்கு நேர் கீழேதான் அடுப்பு இருக்கும். அடுப்பு இருக்கும் சுவரில் பொதுவாக ஜன்னல் வைக்க மாட்டார்கள். அதனால் புகைபோக்கியின் இடமும் ஜன்னல்களின் வரிசையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. புகைபோக்கி பொருந்தவில்லை என்றால் ஜன்னல்களையும் எண்ணிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது வேறு வகைப் பெட்டியின் உடலாகவும் இருக்கக்கூடும். பிற்காலத்தில் நிலக்கரி அடுப்புக்குப் பதிலாக எண்ணெய் அடுப்பு வந்த பெட்டிகளில், எண்ணெய் ஊற்றும் வாய் வெளிப்புறத்தில் தெரிகிறதா என்பதையும் படத்தில் தேடுங்கள்.

கேள்வி: கூப்போலா கபூஸ் ஒன்றைப் பே விண்டோ கபூஸாக மாற்ற முடியுமா? பால்டிமோர் அண்டு ஓஹையோ எனக்கு மிகவும் பிடித்த நிறுவனம்.

கூரை நடுவே எழும் சிறு கண்காணிப்பு அறைதான் கூப்போலா. பக்கச்சுவரிலிருந்து வெளியே துருத்தும் ஜன்னல் அறைதான் பே விண்டோ. சில நிறுவனங்கள் இப்படி மாற்றியதுண்டு என்றாலும், நீங்கள் விரும்பும் நிறுவனத்தின் ஐ-12 என்ற பே விண்டோ வகைக்கு இந்த வழி ஒத்துவராது. அதன் சுவரும் கூரையும் வளைந்து ஒரே தொடர்ச்சியாகச் செல்பவை. சாதாரண உடலிலிருந்து அந்த வளைவைச் செதுக்கி எடுக்க முயல்வதைவிட, அவ்வகைக்கென்றே வந்த கிட்டை வாங்கி அந்த உழைப்பைக் கம்பிகளில் செலவிடுவது மேல்.

கேள்வி: பின்புற மார்க்கர் விளக்குகளுக்கு நான்கு பக்கமும் சிவப்பு இட்டேன். ஒரு நண்பர் தவறு என்கிறார்.

நண்பர் சொல்வது சரி. மண்ணெண்ணெய் மார்க்கர் விளக்கில் நான்கு கண்ணாடிகள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் சிவப்பு. மற்றவை நிறுவனத்தைப் பொறுத்துப் பச்சை அல்லது மஞ்சள். பிரதான பாதையில் ஓடும்போது சிவப்பு பின்னோக்கித் திரும்பியிருக்கும். ரயில் முழுவதும் பக்கப் பாதைக்குள் ஒதுங்கிய பிறகு, பின்னால் வரும் ரயில் தயங்காமல் செல்லலாம் என்பதற்காக, விளக்கைத் திருப்பிப் பச்சையையோ மஞ்சளையோ பின்னோக்கிக் காட்டுவார்கள். இந்த விளக்குகள் கழற்றி மாட்டக்கூடியவை என்பதால், யார்டில் தனியாக நிற்கும் கபூஸில் வெறும் தாங்கிகள் மட்டும் இருந்தாலும் போதும்.

கேள்வி: எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரையின்படி 1 அவுன்ஸோடு, நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்க வேண்டும். 5 அங்குல மாதிரிக்கு 3½ அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 100 கிராம். எடையைத் தரைக்குக் கீழே வையுங்கள். கூப்போலாவுக்குள் வைத்தால் வளைவுகளில் சாயும்.

கேள்வி: 1980களின் கபூஸ் செய்கிறேன். படங்களில் பல ஜன்னல்கள் இரும்புத் தகட்டால் அடைக்கப்பட்டிருக்கின்றன. காரணம் என்ன? எப்படிச் செய்வது?

கல்லெறியும் துப்பாக்கிச் சூடும்தான் பின்னணி. 1980இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதி, எஞ்சின், பயணிகள் பெட்டி, கபூஸ் ஆகியவற்றின் ஜன்னல்களுக்குச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட உறுதியான கண்ணாடி வேண்டும் என்றது. அந்தக் கண்ணாடி விலையுயர்ந்தது என்பதால், தேவையற்ற ஜன்னல்களைத் தகடு வைத்து மூடுவது நிறுவனங்களுக்கு எளிதாயிற்று. மாதிரியில் 0.13 மி.மீ. ஸ்டைரீன் தாளை ஜன்னலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, ஓரங்களை உரசி மெல்லியதாக்கி ஒட்டுங்கள். ஜன்னல் துளையை முழுவதும் நிரப்பி மழமழப்பாக்கிவிடாதீர்கள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது என்பது தெரிய வேண்டும். படத்தில் தெரிவதும் அதுதான். அக்காலத்துப் பெட்டிகளில் கூரை நடைபலகையும் கூரைக்கு ஏறும் ஏணியின் மேற்பகுதியும் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். நடைபலகையைத் தாங்கிய இரும்புகளின் அடையாளம் மட்டும் சிலவற்றில் எஞ்சியிருக்கும்.

கேள்வி: 1995ஆம் ஆண்டைக் காட்டும் என் மாதிரி ரயில் தளத்தில் கபூஸ் ஓட்டலாமா?

ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் 1972லேயே கபூஸைக் கைவிட்டது. 1982இல் தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட தேசிய அளவிலான உடன்பாட்டுக்குப் பிறகு மற்ற பெரிய நிறுவனங்களும் கடைசிப் பெட்டியில் மின்னும் கருவிக்கு மாறின. ஆகவே நெடுந்தூரச் சரக்கு ரயிலின் வாலில் அன்று அதை வைப்பது பொருந்தாது. ஆனால் நீண்ட தூரம் பின்னோக்கித் தள்ள வேண்டிய உள்ளூர் ரயில்களில், முனையில் நின்று பாதையைக் கவனிக்கும் பணியாளருக்கு நிற்குமிடமாகப் பல கபூஸ்கள் தொடர்ந்து பயன்பட்டன. அப்படிப்பட்ட பெட்டியைச் செய்வதானால் ஜன்னல்கள் அனைத்தையும் அடைத்து, கதவின் குறுக்கே பற்றவைத்த தகட்டைக் காட்டி, புகைபோக்கியை நீக்கிவிட்டு, உள் அலங்காரத்தை முழுவதும் விட்டுவிடுங்கள். வண்ணம் வெளிறியிருக்கட்டும். படிகளிலும் கைப்பிடிகளிலும் மட்டும் புது வெள்ளையோ மஞ்சளோ பளிச்சென்று இருந்தால் மிகப் பொருத்தம், ஏனெனில் அந்தப் பெட்டியில் இன்னும் பயன்பட்டவை அவை மட்டுமே.