மார்லின் 336-க்கு வார்ப்பு ஈயக்குண்டு: முதலில் குழலை அளந்து பாருங்கள்

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது பழைய மார்லின் 336 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள், 30-30 தோட்டா. 'ஹார்ட் காஸ்ட்' என்று விற்ற 0.308 அங்குல, 165 கிரெய்ன் எடை, உருண்டை முனைக் குண்டுகளை வாங்கித் தோட்டா நிரப்பினேன். பதினைந்து தடவை சுடுவதற்குள் குழலில் ஈயம் பிடித்துவிட்டது. 50 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. மைக்ரோ-குரூவ் குழலுக்கு வார்ப்புக் குண்டே ஆகாது என்கிறார்கள். இன்னும் கடினமான லினோடைப் குண்டு வாங்கலாமா, இல்லை நானே வார்க்கலாமா?"

லினோடைப் (அச்சகங்களில் ஈய எழுத்து வார்க்கப் பயன்பட்ட கடினக் கலவை) வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். அதைவிட அவசரமான ஒன்று: மிச்சமிருக்கும் உருண்டை முனைத் தோட்டாக்களைக் குழாய் மேகஸினில் போடாதீர்கள். அங்கே தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு குண்டின் முனையும் முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குமிழை, முட்டிக்கொண்டிருக்கிறது. சுடும்போது ஏற்படும் உதைப்பில் குறுகலான, கடினமான முனை பிரைமரைக் குத்தினால் மேகஸினுக்குள்ளேயே வெடிக்கும். முனை தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பரப்பு பிரைமரைவிட அகலமாக இருந்தால் நல்லது. ஹார்னடி விற்கும் கூர்முனைத் தோட்டாக்கள் மேகஸினில் போகின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் முனை ரப்பர்போல் அமுங்கும் பிளாஸ்டிக். ஈயக் கலவையில் அந்தச் சலுகை இல்லை. நிரப்பிய உருண்டை முனைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வைத்துச் சுட்டுத் தீர்க்கலாம். இன்னும் தோட்டாவில் ஏற்றாத குண்டுகளை உருக்கிவிடலாம்.

இனி ஈயம் பிடிக்கும் விஷயம். பத்தில் எட்டுப் பேர் குண்டு மென்மையாக இருப்பதால்தான் ஈயம் பிடிக்கிறது என்று நினைத்துக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அளவில்தான் இருக்கும். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் இருக்கும். குண்டு அந்தப் பள்ளத்தை முழுதாக அடைக்காவிட்டால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு இடுக்கு வழியாக முன்னால் பீறிட்டு ஓடும். ஓடும்போது குண்டின் பக்கவாட்டை அரித்து, அந்த ஈயத்தைக் குழல் சுவரில் பற்றவைத்துவிடும். செப்பு உறை போட்ட குண்டுக்கு 0.308 சரியான அளவு. வார்ப்புக் குண்டு பள்ளத்தின் விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரியதாக இருக்க வேண்டும்.

மைக்ரோ-குரூவ் பற்றிய வதந்தியும் இதிலிருந்து பிறந்ததுதான். வழக்கமான 30-30 குழலில் மேடுகளுக்கு இடையே விட்டம் 0.300, பள்ளங்களுக்கு இடையே 0.308, அதாவது மேடு 0.004 அங்குல உயரம். மார்லின் 1950-களில் கொண்டுவந்த மைக்ரோ-குரூவில் மேடுகள் அதிகம், உயரம் குறைவு. பிடிமானம் ஆழமில்லாததால், சிறிய குண்டு சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதே குழலில் 0.310 அல்லது 0.311 குண்டு போட்டால் ஒழுங்காகச் சுடும். குழல் வார்ப்புக் குண்டை வெறுக்கவில்லை, ஒல்லிக் குண்டைத்தான் வெறுக்கிறது.

உங்கள் குழல் எவ்வளவு என்று ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். அறையிலும் மேகஸினிலும் தோட்டா இல்லை என்று இருமுறை பாருங்கள். 336-இல் லீவர் திருகைக் கழற்றி லீவரை இழுத்தால், அறையை மூடும் போல்ட் பின்பக்கமாக வந்துவிடும். அப்போது எஜெக்டர் என்ற சிறு துண்டு கீழே விழும், தொலைத்துவிடாதீர்கள். குழலில் உள்ள செப்புப் படிவு, ஈயம் எல்லாவற்றையும் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் தடவுங்கள். மீன்பிடி கடையில் கிடைக்கும் முட்டை வடிவத் தூண்டில் ஈயம், பள்ளத்தைவிடச் சற்றுப் பெரியது, ஒன்று போதும். சுத்தக் காரீயமாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதை நுனியிலிருந்து தட்டி நுழைத்து, பித்தளைக் கம்பியால் தள்ளுங்கள். நீளமான மரக்குச்சி சாய்வாகப் பிளந்து ஆப்புபோல் இறுகிக்கொள்ளும். அதை எடுக்கப் படும் பாடு பெரிது. தள்ளும்போது கையின் உணர்வைக் கவனியுங்கள். பின் குறிமுனைக்குக் கீழே, மேகஸின் பட்டை மாட்டிய இடத்தில், துப்பாக்கியின் உடலில் குழல் திருகப்பட்ட இடத்தில் சில துப்பாக்கிகளில் துளை நெருக்கமாக இருக்கும். அப்படி இருந்தால் அங்கே குண்டு நசுங்கிச் சிறுத்து, அதற்கப்பால் வாயு கசியும்.

வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரால் அளக்கவும். வெர்னியர் காலிப்பர் வேண்டாம். நாம் தேடும் வித்தியாசமே அதன் பிழை அளவுதான். 0.3085 வந்தால் 0.310 வாங்குங்கள். 0.309 வந்தால் 0.311. எவ்வளவு பெரிது வரை போகலாம் என்பதற்கு எளிய சோதனை உண்டு: உங்கள் துப்பாக்கியில் சுட்ட, மறுபடி அளவு திருத்தாத பித்தளைக் கூட்டின் வாயில் குண்டை விடுங்கள். தடையில்லாமல் உள்ளே நழுவினால் அறையில் இடம் இருக்கிறது. இறுக்கினால் அந்த அளவு ஆகாது. தோட்டாவின் கழுத்து விரிய இடமில்லாமல் அறைக்குள் நெருக்கிக்கொண்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

சரியான அளவில் குண்டு வாங்கியும் ஈயம் பிடிக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் நிரப்பும் அச்சு, அதாவது தோட்டா நிரப்பும்போது பித்தளைக் கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் கருவி. செப்பு உறைக் குண்டுக்காகச் செய்த அச்சு, கூட்டின் கழுத்தை ஒடுக்கலாகவே விடும். அதில் 0.310 ஈயக்குண்டைத் திணித்தால் கழுத்து குண்டையே பிழிந்து 0.308 ஆக்கிவிடும், அல்லது வாய் விளிம்பு குண்டின் பக்கத்தைச் சீவிவிடும். லைமன் விற்கும் 'எம்' அச்சு கழுத்தை உள்ளே சற்று விரித்து, வாயில் ஒரு சிறு படி வைக்கும். வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள். வைப்பதற்கு முன்னிருந்த அளவே இருக்க வேண்டும்.

குண்டின் அடிப்பாகத்தைப் பார்ப்போம். உங்கள் குண்டில் காஸ் செக் இருந்ததா என்று எழுதவில்லை. அது அடியில் மாட்டும் சிறு செப்புக் கிண்ணம். சூடான வாயு அடி விளிம்பைத் தின்னாமல் காக்கிறது. குண்டின் வேகம் வினாடிக்கு 1,300, 1,400 அடி வரை என்றால் காஸ் செக் இல்லாத குண்டே போதும். அதற்கு மேல் 30-30-இல் காஸ் செக் இல்லாமல் நிம்மதி கிடையாது. இயந்திரத்தில் எளிதாக வார்க்க வசதி என்று கடைக் குண்டுகள் பலவற்றில் அடி விளிம்பைச் சரித்து வைத்திருப்பார்கள். ரைஃபிளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குண்டின் நடுவே மடிப்புப் பள்ளம் கட்டாயம் வேண்டும். கூட்டின் வாயை அதில் மடித்து இறுக்காவிட்டால், மேகஸின் ஸ்பிரிங்கும் உதைப்பும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் தள்ளிவிடும். மடித்தபின் தோட்டாவின் மொத்த நீளம் 2.550 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மாதிரித் தோட்டாக்கள் நான்கைந்தை மேகஸினில் போட்டு லீவரை ஆட்டிப் பாருங்கள். சிக்குகிறதா, குண்டின் மூக்கில் குழலின் மேடுகள் ஆழமாகப் பதிகின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இவை எல்லாம் ஒருசேர அமைந்த பழைய வடிவம் லைமன் 311041: தட்டை முனை, காஸ் செக், ஏறக்குறைய 173 கிரெய்ன், அதாவது 11 கிராம் சொச்சம். குண்டு வார்ப்பதானால் அந்த வார்ப்பு அச்சையோ, லீ நிறுவனத்தின் 150 அல்லது 170 கிரெய்ன் தட்டை முனை வார்ப்பு அச்சையோ எடுங்கள். லீ அச்சு விலை குறைவு. ஆனால் சில அச்சுகள் 0.309 மட்டுமே தரும். உங்கள் குழலுக்கு 0.311 தேவைப்பட்டால் அது உதவாது.

இப்போது கடினம். உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் அளவில் சுத்தக் காரீயம் 5. கார்ச் சக்கரத்தில் மாட்டும் ஈய எடைகளை உருக்கி ஆறவிட்டால் சுமார் 12. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்ற லைமன் இரண்டாம் எண் கலவை 15. லினோடைப் 22. காஸ் செக்கோடு வினாடிக்கு 1,800 அடி வரை 12 தாராளமாகப் போதும். 2,000-ஐத் தொட விரும்பினால் 15. அதற்கு மேல் கடினமான குண்டு, அளவில் சிறு குறை இருந்தால் அழுத்தத்தில் பருத்து அடைத்துக்கொள்ளாது. குறை அப்படியே நிற்கும். மான் வேட்டையில் எலும்பில் பட்டால் நொறுங்கவும் செய்யும். தவிர, ஈய எழுத்து கோக்கும் அச்சகங்களே மறைந்துவிட்ட காலத்தில் லினோடைப் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வேட்டைக்குச் சக்கர எடையும் மெல்லிய காரீயமும் சரிபாதி கலந்து, ஐந்து கிலோவுக்கு 100 கிராம் வெள்ளீயம் சேருங்கள். வெள்ளீயம் கடினத்துக்காக அல்ல. உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்புவதற்காக.

சக்கர எடைகளில் இப்போது துத்தநாகம் அதிகம் கலந்து வருகிறது. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-க்கு மேல். சட்டியை 370-க்குள் வைத்தால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மிதக்கும். கரண்டியால் அள்ளி எறியலாம். கவனிக்காமல் உருகிவிட்டால் அந்தச் சட்டி முழுவதும் பாழ், குண்டு மூலையில்லாமல் மொழுக்கென்று வரும். வார்ப்பது திறந்தவெளியில். ஈரமான துண்டு ஒன்று சட்டியில் விழுந்தால் நீராவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் உட்காராதீர்கள். கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

மருந்து அளவு வார்ப்புக் குண்டுக்கென்றே அச்சிட்ட கையேட்டிலிருந்து, அதே எடைக்கு உரியதாக, தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். கலிபோர்னியா பக்கம் வேட்டைக்குப் போவதாக இருந்தால், 2019 ஜூலை முதல் அங்கே வேட்டையில் ஈயக்குண்டுக்கு முழுத் தடை என்பதை நினைவில் வையுங்கள்.

புதுக் குண்டு போடுவதற்கு முன் பழைய ஈயத்தை எடுத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் செப்பு நாரைப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தால் செதில் செதிலாக வரும். நாரில் காந்தம் ஒட்டினால் அது செப்பு முலாம் பூசிய இரும்பு, குழலைக் கீறிவிடும். பிறகு பத்துக் குண்டு சுட்டுவிட்டு விளக்கு வைத்துப் பாருங்கள். அறைக்கு அருகே ஈயம் தெரிந்தால் அளவு இன்னும் போதவில்லை, அல்லது கழுத்து பிழிகிறது. நுனி அருகே மட்டும் தெரிந்தால் குண்டில் பூசிய மசகு மெழுகு பாதியில் தீர்ந்துபோகிறது; கடைக் குண்டின் கெட்டி மெழுகுக்குப் பதில் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்த மென்மெழுகைப் பூசிப் பாருங்கள். ஆயிரம் குண்டு மொத்தமாக வாங்குவது இதற்கெல்லாம் பிறகு. சில விற்பனையாளர்கள் 0.309, 0.310, 0.311 மூன்றிலும் சிறு மாதிரிப் பொட்டலம் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.