லபார்ஜ் ஏரியை ஒரே நாளில் கடக்கலாமா?

கனடாவின் யூகான் ஆற்றில் நண்பரோடு துடுப்புப் படகில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை போகும்போது, வழியில் வரும் லபார்ஜ் ஏரியை நடுவாக வெட்டி ஒரே நாளில் கடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஏரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம். ஆறு மாதிரி இழுத்துக்கொண்டு போகாது, முழுக்க உங்கள் தோள்பலம்தான். காற்று கிளம்பினால் அலை படகுக்குள்ளேயே வந்து விழும். தண்ணீர் கோடையிலும் கடுங்குளிர். கவிழ்ந்தால் சில நிமிடங்களில் விரல் மரத்துப்போய் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க வராது.

வலது கரையை ஒட்டியே போங்கள். ஜூன், ஜூலையில் இரவு 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் மதியம் காற்றடித்தால் கரையேறித் தூங்கிவிட்டு, அடங்கியதும் கிளம்புங்கள். நண்பர் சோர்ந்துவிட்டால் அங்கேயே கூடாரம், வீம்பு வேண்டாம். அப்புறம், சாப்பாட்டு மூட்டை கூடாரத்துக்குள் கூடாது, கரடி உண்டு. ஏரி தாண்டியதும் மறுபடி ஆறுதான்; ‘முப்பது மைல்’ என்கிற அந்தப் பகுதியில் நீரோட்டம் வேகம். விட்ட நேரத்தை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.