வீட்டுல காய்கறி வளர்க்க விதை, செடியெல்லாம் எங்க வாங்குறது நல்லது?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கிச்சன் டப்பாவத் திறந்து பாருங்க. கொத்தமல்லி, வெந்தயம், கடுகு எல்லாம் சமையலுக்கு வாங்குனதே பெரும்பாலும் முளைச்சுரும், கொத்தமல்லிய மட்டும் லேசா நசுக்கி ரெண்டாப் பிரிச்சுப் போடணும். புதினாவுக்கு விதையே வேணாம், இலைய ஆய்ஞ்சதும் தூக்கிப் போடுற தண்டைத் தண்ணில வெச்சாலே வேர் விடும்.

அடுத்து, பக்கத்துல யாராவது செடி வெச்சிருந்தா அவங்ககிட்ட கேளுங்க. தக்காளி, பீன்ஸ் மாதிரி தன் மகரந்தத்துலயே காய்க்கிறது எல்லாம் நாட்டு ரகமா இருந்தா விதை எடுத்துப் போட்டாலும் அதே ரகம்தான் வரும். ஆனா பூசணி, சுரை, வெள்ளரி அப்படி இல்ல, தேனீ எங்கெங்கயோ போய் மகரந்தத்தக் கொண்டாந்துரும், நான் ஒரு தடவ ஆசையா எடுத்து வெச்ச சுரை விதைல வந்த காய் அப்படி ஒரு கசப்பு. கசந்தா சாப்பிடாதீங்க, வேகவெச்சாலும் அந்தக் கசப்பு போகாது, வயித்தக் கலக்கிரும்.

கடைல வாங்குறதா இருந்தா கடை பேரெல்லாம் அப்புறம், மொதல்ல பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க. முளைப்புத்திறன் எத்தன சதவீதம், எந்தத் தேதி வரைக்கும், லாட் நம்பர், இது எதுவும் இல்லாம முன்னாடி படம் மட்டும் பளபளன்னு இருந்தா வெச்சுட்டு வந்துருங்க. வெயில் படுற இடத்துல தொங்குற பாக்கெட்டும் வேணாம். வெங்காய விதை 1 வருஷம் தாண்டுனாலே சோர்ந்துரும், தக்காளி விதை காஞ்ச இடத்துல இருந்தா 4 வருஷம் கூடத் தாங்கும். எஃப்1 ஹைப்ரிட்னு, அதாவது ரெண்டு ரகத்தக் கலந்து எடுத்த விதைன்னு போட்டிருந்தா காய்ப்பு நல்லாருக்கும், ஆனா அதுல விதை எடுத்து அடுத்த தடவ போட்டா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். விதை மேல ரோஸ் கலர் பூச்சு இருந்தா அது பெரும்பாலும் பூஞ்சாண மருந்து, கைய நல்லாக் கழுவுங்க.

சந்தேகமா இருந்தா 10 விதைய ஈர டிஷ்யூல சுத்தி மூடி வெச்சுப் பாருங்க, 8 முளைச்சா அருமை, 5 தான்னா ரெட்டிப்பாத் தூவுங்க. மிளகாய் மட்டும் 2 வாரம் வரைக்கும் இழுக்கும், அவசரப்பட்டுக் கொட்டிராதீங்க.

ஆன்லைன்ல நீல ஸ்ட்ராபெர்ரி, ஏழு கலர் தக்காளின்னு வந்தா ஓடிருங்க. நீல ஸ்ட்ராபெர்ரின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது, அது தெரியாம நான் வாங்கி முளைச்சது என்னவோ புல்லுதான், அதுக்கு ஒரு மாசம் தண்ணி ஊத்துனேன் பாருங்க!

செடியா வாங்குறதுன்னா தக்காளி, மிளகாய், கத்திரி நாத்து வாங்கலாம். கேரட், முள்ளங்கி நாத்தா வாங்கவே கூடாது, பிடுங்கி நட்டா கிழங்கு கோணிக்கும். நாத்து குட்டையா தண்டு தடியா இருக்கணும், சின்னப் பையிலயே பூத்து நிக்கிறதப் பாத்து மயங்காதீங்க, அது இடம் பத்தாம தவிக்குதுன்னு அர்த்தம். பழ மரம்னா ஒட்டுச்செடிதான், விதை போட்டா வருஷக்கணக்குல காத்திருக்கணும். ஒட்டுக் கட்டுன இடம் மண்ணுக்கு மேல தெரியணும், அதுக்குக் கீழ இருந்து தளிர் வந்தா கிள்ளிருங்க, அது வேருக்குன்னு வெச்ச அடிச்செடியோடது, நீங்க வாங்குன ரகம் இல்ல.

எங்க வாங்குனாலும் இலைய மறிச்சுப் பாருங்க, வெள்ள ஈயும் மாவுப்பூச்சியும் அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்ததும் 2 வாரம் தனியா வைங்க. நான் ஒரே ஒரு மிளகாய்ச் செடிய வாங்குன அன்னைக்கே மத்ததோட சேத்து வெச்சு, கடைசில ஏழு தொட்டிக்கும் உக்காந்து இலை இலையாத் துடைச்சேன்.