ஆய்வில் ஊர்மக்களுக்கு எவ்வளவு இடம்? அளப்பது எப்படி: கேள்வி பதில்

மேடம், ஊர்க் கூட்டம் எத்தனை போட்டோம்னு கணக்குக் காட்டினா போதாதா? (ஆய்வு மாணவர், திருவொற்றியூர்)

போதாது. யார் வந்து கையெழுத்துப் போட்டார் என்பது மட்டுமே அதில் தெரியும். அவர் சொன்னதால் ஆய்வின் கேள்வித்தாளில் ஒரு வரியாவது மாறியதா என்று தெரியாது. அமெரிக்காவில் மெலடி குட்மன் குழு உருவாக்கிய 'ரெஸ்ட்' (REST) என்ற அளவுகோல் இதைப் பங்கேற்றவரிடமே கேட்கிறது. 8 கொள்கைகள், 32 கேள்விகள். சுருக்க வடிவில் 9 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை இரண்டு விடை: எவ்வளவு அடிக்கடி நடந்தது, எவ்வளவு நன்றாக நடந்தது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள். 'அடிக்கடி' 4, 'தரம்' 2 என்று வந்தால் கூட்டம் நடக்கிறது, ஊர்க்காரர் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

'பொருந்தாது'ன்னு டிக் பண்ணா பூஜ்யமா?

இல்லை, அதை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். முதலில் ஒவ்வொரு கொள்கைக்கும், பிறகு எட்டுக்கும் சேர்த்து.

எங்க குப்பத்துல யாரைக் கேட்டாலும் 5 போடுறாங்களே மேடம்? (களப்பணியாளர், காசிமேடு)

கேட்பவர் யார் என்று பாருங்கள். ஆய்வுக்கு ரத்தம் எடுத்தவரே தாளோடு வந்து நின்றால் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவரை அனுப்புங்கள். தாளில் பெயர் வேண்டாம், மூடிய பெட்டியில் போடட்டும். அதற்கும் முன்னால் தமிழாக்கிய கேள்விகளை ஐந்தாறு பேரிடம் வாசித்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கேள்வி புரியாதபோதும் 5 விழும்.

நேரமும் முக்கியம். விடியலில் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் காலைக் கூட்டத்துக்கு வரமுடியாது. விசைப்படகுத் தொழிலாளர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள். வருமானம் இல்லாத நாட்கள் அவை, வந்த நேரத்துக்குப் படி கொடுங்கள். பஞ்சாயத்து ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு 'ஊர் சொன்னது' என்று எழுதுவது பெரிய தவறு.

ஆய்வுக்கு யோசனை சொல்ற ஊர் ஆலோசனைக் குழுவே பத்துப் பேர்தான். அவங்க மதிப்பெண்ணை ஆண், பெண்ணுன்னு பிரிச்சுக் காட்டலாமா?

வேண்டாம். இரண்டு பெண்கள்தான் என்றால் குறைந்த மதிப்பெண் போட்டது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆத்துத் தண்ணி, சேறு எல்லாம் எடுத்துட்டுப் போறாங்க, முடிவை மட்டும் சொல்றதில்ல. இதுக்கு மார்க் உண்டா? (எண்ணூர்வாசி)

உண்டு. முடிவைப் பகிர்வதில் எல்லாரையும் சேர்ப்பது அந்த எட்டில் ஒன்று, நம்பிக்கையைக் காப்பது இன்னொன்று. இரண்டிலும் மதிப்பெண் சரியும். ஆனால் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாதிரி எடுக்க வரும் நாளிலேயே கேளுங்கள்: முடிவை எந்த மாதம், யார், தமிழில் வந்து சொல்வார்? எழுதி வாங்கி வையுங்கள். நீங்கள் போட்ட மதிப்பெண்களையும் அதே கூட்டத்தில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.