"ஃபைலைக் கொஞ்சம் உள்ளே வை"

அன்புள்ள சார்,

குரூப் 4 எழுதி, ஏழு மாதத்துக்கு முன் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வயது 24. எங்கள் பிரிவில் கண்காணிப்பாளர் மேடம் ஒரு கட்சி, சீனியர் உதவியாளர் எதிர்க்கட்சி. ஒருவரோடு டீ குடிக்கப் போனால் இன்னொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் சீனியருக்கு வேண்டிய ஒருவரின் தேர்வுநிலைக் கோப்பை "கொஞ்ச நாள் உள்ளே வை" என்றார் மேடம். சீனியரோ "இன்னைக்கே புட் அப் பண்ணி மேலே அனுப்பும்மா, இல்லேன்னா உன் மேலதான் புகார் வரும்" என்கிறார். மேடத்தைப் பகைத்தால் ப்ரொபேஷனில் கை வைப்பார் என்று மற்றவர்கள் பயமுறுத்துகிறார்கள். இதற்கு நடுவில், மாறுதலில் போகும் ஒருவரின் இருக்கையையும், அதாவது அவர் பார்த்த வேலையையும் கோப்புகளையும், வியாழக்கிழமை நான் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டுமாம். ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ரா.

அன்புள்ள ரா.,

முதலில் அந்தக் கோப்பு, மற்றதெல்லாம் அப்புறம். தேர்வுநிலை என்பது ஒரே பதவியில் பத்து வருடம் முடித்தவருக்கு வரவேண்டிய பணம். இழுத்தடித்தால் அவர் சும்மா இருக்கமாட்டார், மேலே எழுதுவார், அப்போது கோப்பு எந்த இருக்கையில் தூங்கியது என்றுதான் பார்ப்பார்கள். "உள்ளே வை" என்று சொன்ன வாய் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தபால் உங்களிடம் வந்த தேதி, வருவதையும் போவதையும் நீங்கள் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆகவே குறிப்பு எழுதிவிடுங்கள். விதி என்ன சொல்கிறது, பணிப்பதிவேட்டில் உள்ள தேதிகள் என்ன, தண்டனை ஏதும் நிலுவையில் இருக்கிறதா, கடைசியில் வழக்கம்போல "ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது". யாருக்காகவும் வாதாட வேண்டாம். அனுப்பிய தேதியைத் தன்பதிவேட்டில் போட்டுவிட்டால் கோப்பு மேடத்தின் மேசைக்குப் போய்விட்டது, அங்கே அது ஒரு மாதம் கிடந்தால் அவர் பாடு.

அநேகமாக ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திரும்பி வரும். போய்ப் பேசுங்கள், அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், வந்து உட்கார்ந்து "நேரில் கலந்துரையாடியதற்கிணங்க" என்று ஆரம்பித்து அவர் சொன்னதை அப்படியே எழுதி மறுபடி அனுப்புங்கள். ஏதாவது ஆவணம் குறைகிறது என்றாரா, அதை எழுதுங்கள். காரணம் எதுவும் சொல்லாமல் நிறுத்தச் சொன்னார் என்றால் அதைக் குறிப்பில் படிக்க அவருக்கே கூசும். இந்த ஒரு வரி எத்தனையோ பேரைக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லவே வேண்டியதில்லை. "மேடம், நாள் ஓடுது, வெச்சிருக்கேன், நீங்க பார்த்துக்குங்க" போதும். (கோப்பின் ஒவ்வொரு அசைவையும் பதிவேட்டில் எழுதச் சொல்லும், வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணத்தில் வந்த டாட்டன்ஹாம் முறையை அலுவலகத்தில் திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் புதிதாக வந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல கவசம் இல்லை.)

சீனியர் இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்கிறார், உங்கள் மேல் பாசத்தினால் சொன்னார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டீ இருவரோடும் குடியுங்கள். அங்கே கேட்டதை இங்கே சொல்லாமல் இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் உங்கள் மேல் சுவாரஸ்யம் போய்விடும்.

ப்ரொபேஷன் பூச்சாண்டிக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் பணி, உங்கள் பதவிக்கு விதித்திருந்தால் துறைத்தேர்வு, பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சி. இவை முடிந்து, வேலையிலும் குறை இல்லையென்றால், ஒருவருடைய கோபத்துக்காக அதை நிறுத்திவைப்பது லேசில்லை, அவரும் எழுத்தில்தான் காரணம் சொல்லியாக வேண்டும். டி.ஓ.எம். என்று நாம் சொல்லும் அலுவலக நடைமுறைத் துறைத்தேர்வுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் எனக்கு மேடத்தைவிட அதுதான் கவலை.

இனி வியாழக்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இப்படித்தான் ஒரு இருக்கையைக் கூடுதலாகத் தலையில் கட்டினார்கள். ஒப்படைத்தவர் தங்கமான மனுஷர், சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கோப்புப் பட்டியலை நீட்டினார், பீரோவைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நீதிமன்ற வழக்குக் கோப்பு கேட்டு வந்தார்கள். பட்டியலில் இருந்தது, பீரோவில் இல்லை. எனக்கு 17(அ) குறிப்பாணை, அதாவது சிறு தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை. விளக்கம் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கடைசியில் கண்டனத்தோடு விட்டார்கள். அடுத்த வருடம் வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது அந்தக் கோப்பு, பாதி கரையான். இதில் சதியும் இல்லை, அரசியலும் இல்லை, ஒரு பஸ்தான் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று எனக்கும் சேர்த்து அல்வா கொடுத்தார், வாங்கித் தின்றேன்.

ஆகவே அன்று காலையிலேயே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கோப்பாகக் கையில் எடுத்து எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், இல்லாததற்கு நேராக "நேரில் காணப்படவில்லை" என்று எழுதி ஒப்படைப்பவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "என்மேல நம்பிக்கை இல்லையாம்மா" என்று கேட்பார். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டை எடுங்கள். பீரோவுக்குப் பின்னாலும் ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.