பேட்ச் ஃபைலில் லூப் ஓடுகிறது, மொத்தம் மட்டும் ஏன் கூடுவதில்லை?

கேள்வி சுருக்கமாக இது: கோத்தகிரிப் பக்கம் ஒரு பச்சைத் தேயிலை நிறுவைக் கொட்டகையில் ஊரையும் கிலோவையும் கமா போட்டு ஒரு ஃபைலில் பதிகிறார்கள். அதைக் கூட்ட எழுதிய பேட்ச் ஃபைல் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஃபைல்) வரிக்கு வரி 0 என்றே காட்டுகிறது. கடைசியில் மொத்தம் என்று வருவது கடைசி ஊரின் எடை மட்டும்.

ஃபைலில் உள்ளவை:

அரவேணு,42
கட்டபெட்டு,35
நெடுகுளா,58

லூப், அதாவது ஒவ்வொரு வரிக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் பகுதி, இப்படி இருக்கிறது (கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

செட் மொத்தம்=0
ஃபார் /எஃப் "டோக்கன்ஸ்=1,2 டெலிம்ஸ்=," %%ஏ இன் (கொழுந்து.டெக்ஸ்ட்) டூ (
செட் /ஏ மொத்தம்=%மொத்தம்%+%%பி
எக்கோ %%ஏ %மொத்தம்%
)

வர வேண்டியது 135, வருவது 58. உங்கள் கூட்டலில் தப்பில்லை. பேட்ச் ஃபைலை ஓட்டும் விண்டோஸ் நிரலான சிஎம்டி வாசிக்கும் விதம்தான் காரணம். திறந்த அடைப்புக்குறி மூடும் வரை உள்ள அத்தனை வரியையும் அது ஒரே கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. வாசிக்கும்போதே %மொத்தம்% இருக்கும் இடத்தில் எல்லாம் அந்த நேரத்து மதிப்பான 0-வை எழுதிவிடுகிறது. லூப் ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஆக மூன்று சுற்றிலும் நடப்பது 0+42, 0+35, 0+58. %%ஏ, %%பி இரண்டும் ஃபாருக்கே சொந்தமானவை என்பதால் அவை மட்டும் சுற்றுக்குச் சுற்று மாறுகின்றன.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், பேட்ச் ஃபைலின் தலையில் எக்கோ ஆஃப் வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சிஎம்டி தான் வாசித்ததை அப்படியே திரையில் காட்டும். %மொத்தம்% இருந்த இடத்தில் 0 உட்கார்ந்திருக்கும். எந்த பேட்ச் ஃபைல் மக்கர் பண்ணினாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரிசெய்ய, லூப்புக்கு மேலே செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன் என்ற வரியைச் சேர்த்து, உள்ளே சதவீதக் குறிக்குப் பதில் ஆச்சரியக்குறி போடுங்கள்:

செட் /ஏ மொத்தம்+=%%பி
எக்கோ %%ஏ !மொத்தம்!

இப்போது 42, 77, 135 என்று ஏறும். !மொத்தம்! என்பதை அந்த வரி ஓடும் நொடியில்தான் சிஎம்டி மதிப்பாக மாற்றுகிறது; டிலேய்டு எக்ஸ்பான்ஷன் என்பது இதுதான். செட் /ஏ வரியில் எந்தக் குறியும் இல்லை, கவனித்தீர்களா? செட் /ஏ வெறும் பெயரைக் கண்டாலே அதன் நடப்பு மதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். கூட்டல் மட்டும் போதும், நடுவில் காட்ட வேண்டாம் என்றால் டிலேய்டு எக்ஸ்பான்ஷனே தேவையில்லை.

ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. லூப்புக்குள் செட் செய்ததை அங்கேயே %% இல்லாமல் ஒற்றைச் சதவீதக் குறியில் காட்டினால், முதல் முறை காலியாக வரும். அதே ஜன்னலில் மறுபடி ஓட்டினால் ஏதோ ஒரு மதிப்பு வரும். சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். முந்தைய ஓட்டத்தின் மிச்சம் அது. வரிக்கு வரி %டைம்% பதிந்து, எல்லாவற்றிலும் ஒரே நேரம் விழுவதும் இதே கோளாறுதான்; !டைம்! போட்டால் சரியாகும்.

அடுத்து நீங்கள் கட்டாயம் முட்டிக்கொள்ளும் இடம் எடை. செட் /ஏ முழு எண் மட்டுமே அறியும். 42.050 கிலோ கொடுத்தால் மிஸ்ஸிங் ஆபரேட்டர் என்று நின்றுவிடும். கிராமுக்கு மாற்றிக் கூட்டுங்கள். உச்ச வரம்பு 2147483647, கிராமில் இது 2147 டன்னுக்கு மேல், ஒரு கொட்டகைக்குத் தாராளம். வரியில் எடையை முன்னாலும் பெயரைப் பின்னாலும் வையுங்கள், ஏனென்றால் ஊருக்குப் பதில் விவசாயி பெயரைப் பதிந்தால் இனிஷியலில் புள்ளி வரும். டோக்கன்ஸ்=1,2* டெலிம்ஸ்=., என்று பிரித்தால் %%ஏ கிலோ, %%பி கிராம், மீதி முழுதும் %%சி.

இங்கே 050 என்பதை நேராகக் கூட்டாதீர்கள். முன்னால் 0 இருந்தால் சிஎம்டி அதை எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) எண்ணாக எடுத்து 40 ஆக்கிவிடும். பிழைச் செய்தி கூட வராது. விவசாயிக்கு 10 கிராம் குறையும், யாருக்கும் தெரியாது. 080 என்றால் இன்வேலிட் நம்பர் என்றாவது கத்தும். தீர்வு, முன்னால் ஒரு 1 ஒட்டி 1000-ஐக் கழிப்பது:

செட் /ஏ மொத்தம்+=%%ஏ*1000+1%%பி-1000

புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம் இருக்க வேண்டும். 42.5 என்று பதிந்தால் கணக்கு கவிழும். கிலோவையும் 08 என்று பதியக் கூடாது.

ஆச்சரியக்குறிக்கும் ஒரு விலை உண்டு. மழைக்காலத்தில் நிறுப்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஈரம்!' என்று எழுதிவைத்தால், டிலேய்டு எக்ஸ்பான்ஷன் இயங்கும்போது %%சி-யில் அந்தக் குறி காணாமல் போகும். ஒரே வரியில் இரண்டு குறி இருந்தால் இடையில் உள்ள சொல்லும் சேர்ந்து போகும், அதை ஒரு மாறியின் பெயர் என்று சிஎம்டி நினைத்துக்கொள்வதால். அந்த வசதியை நிறுத்திவைத்து செட் "குறிப்பு=%%சி" என்று பிடித்துக்கொண்டு, பிறகு லூப்புக்குள்ளேயே அதே செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன் வரியைப் போட்டு !குறிப்பு! காட்டி, எண்ட்லோக்கலால் மூடுங்கள். கூட்டல் வரி இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் எண்ட்லோக்கல் அந்த மொத்தத்தை அழித்துவிடும். மூட மறந்தாலும் வினைதான்: 32 அடுக்குக்கு மேல் செட்லோக்கல் ஏறாது, சின்ன ஃபைலில் ஓடியது பெரிய ஃபைலில் நின்றுவிடும்.

லூப்புக்குள் பத்துப் பதினைந்து வரி சேர்ந்துவிட்டால், கால் :கூட்டு %%ஏ %%பி என்று கீழே உள்ள லேபிளுக்கு (:கூட்டு என்று பெயரிட்ட பகுதிக்கு) அனுப்பிவிடுவதே எனக்குச் சரியென்று படுகிறது. அங்கே வரிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும், பழைய %மொத்தம்% போதும், ஆச்சரியக்குறித் தொல்லையும் இல்லை. வேகம் சற்றுக் குறையும், சில நூறு வரிக்கு அது பொருட்டல்ல.

லூப்புக்குள் காப்பி கட்டளையால் பென்டிரைவுக்கு நகல் எடுத்து, எடுத்தாயிற்றா என்று பார்ப்பதானால், முந்தைய கட்டளை வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணான %எரர்லெவல்% பழைய எண்ணையே காட்டும். இஃப் எரர்லெவல் 1 என்று எழுதுங்கள். அது ஓடும்போதுதான் பார்க்கும், 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் நகல் விழவில்லை.